முப்பத்தெட்டு வினாடிப் பஞ்சமம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சங்கீதத்தில் நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லிக்கொள்கிற முட்டாள் இல்லை. கச்சேரி முடிந்து மங்களம் பாடும்போது, 'இது புதுப் பாட்டா இருக்கே' என்று பக்கத்து நாற்காலியில் கேட்ட முட்டாள். அப்படிப்பட்டவன் நெய்வேலியில் ஏறக்குறைய ஒரு வருடம் சங்கீத ஞானியாக வாழ்ந்தேன். எப்படி வாழ்ந்தேன் என்பதைவிட, அதிலிருந்து வெளியே வர எவ்வளவு பாடுபட்டேன் என்பதுதான் சொல்ல வேண்டியது.

எங்கள் டவுன்ஷிப்பில் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதன் அட்மின், அனல் மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மகனுடைய குவார்ட்டர்ஸில் இருக்கிறார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு பதிவு போடுவார். திங்கள் காலை ஆறு மணிக்குள் கேட்டுவிட்டு, கேட்டதை எழுத வேண்டும். 'அருமை', 'ஆஹா', கும்பிடும் கை, இதெல்லாம் செல்லாது. எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். முப்பது வருடம் ஷிப்ட் லாக் புத்தகம் எழுதிய கை அவருடையது. 'நிமிடம் 3.10: பாடகர் இருமினார். 3.15: நிலைமை சீரானது.' இதுதான் அவர் எழுதும் ரசனை. மற்றவர்களும் அதேபோல் எழுதப் பழகியிருந்தார்கள்.

நான் உள்ளே போனது ஒரு சொல்லால். காலை நடையில் அவரைப் பார்த்தேன். 'எண்பது வயசுல பாடின பதிவு ஒண்ணு, நேத்து ராத்திரி பூரா கேட்டேன்' என்றார். எண்பது வயதில் ஒருவரைப் பாட வைத்திருக்கிறார்களே என்ற இரக்கத்தில், 'பாவம் சார்' என்றேன். அவர் நின்றுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, 'சரியாச் சொன்னீங்க, பாவந்தான் சார் எல்லாம். ராகம், தாளம் எல்லாம் அப்புறந்தான்' என்றார். எட்டு மணிக்கு என் நம்பர் குழுவில் இருந்தது.

எழுத வேண்டுமே என்று பயந்தேன். பிறகு ஒரு வழி கிடைத்தது. எங்கள் கன்வேயர் பிரிவில் யார் ஓய்வு பெற்றாலும் வாழ்த்து மடல் எழுதுவது நான்தான். கைவசம் நாற்பது மடல்களாவது இருக்கும். 'ஆழமும் அமைதியும் கொண்டவர், எந்த நெருக்கடியிலும் நிலை தடுமாறாதவர்' என்று ஒரு ஃபோர்மேனுக்கு எழுதியிருந்ததை, 'கொண்டது', 'தடுமாறாதது' என்று மாற்றி ஒரு தோடிக்குப் போட்டேன். பதினாறு பேர் பாராட்டினார்கள். ஒருவர், தோடியை இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை என்று எழுதினார். அந்த ஃபோர்மேன் இப்போது மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். தன்னைத் தோடி ஆக்கியது அவருக்கு இன்றுவரை தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது டீச்சரின் கேசட் வந்தது.

டீச்சர் எங்கள் டவுன்ஷிப் பள்ளியில் கணக்கு எடுத்தவர். கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இருவரும் ஓய்வுக்குப் பின் பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். கணவர் காலமான பிறகு யாரோ டீச்சரைக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். அவர் எதுவும் எழுத மாட்டார். ஒருநாள், கணவர் பிடித்து வைத்த கேசட்டுகள் பன்னிரண்டு ஒரு பெட்டியில் இருக்கின்றன என்று சொல்லி, ஒன்றை அட்மினிடம் கொடுத்தார். பல வருடங்களுக்கு முன்பு இங்கே ஒரு கோயில் கும்பாபிஷேகத்தன்று மதியம் நடந்த கச்சேரி. அட்மின் அதை கம்ப்யூட்டரில் ஏற்றி, கேசட் அட்டையைப் படம் எடுத்துப் பதிவோடு சேர்த்துப் போட்டார். அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால், 'பக்கம் 2: ஆலாபனை. நடுவில் சங்' என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் ஈரம் பட்டு அழிந்திருந்தது.

எனக்கு இதைவிட என்ன வேண்டும். கேள்வித்தாளிலேயே விடை. பதிவு வந்த பத்தாவது நிமிடம், 'சங்கராபரணம் என்றால் இதுதான் சங்கராபரணம்' என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பதிவைக் கேட்கவே ஆரம்பித்தேன். ஆனால் கேட்டபோது ஒரு இடத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று எழுதியதை அப்படியே தருகிறேன்.

'நிமிடம் 14.02: பாடகர் கீழே எங்கிருந்தோ மெல்லக் கிளம்புகிறார். படி வைத்து ஏறவில்லை, வழுக்கிக்கொண்டே ஏறுகிறார். பஞ்சமத்தில் போய் நிற்கிறார். மூச்சு விடாமல், அசைவில்லாமல், மனிதக் குரல் என்பதே மறந்துபோகும்படி நிற்கிறார். பிறகு வந்த வழியே இறங்கிக் கரைகிறார். 14.44: கூட்டத்தில் யாரோ இருவர் பேசிக்கொள்வது குறுக்கே வருகிறது. அட்மின் அந்தக் குப்பையை நீக்கிவிட்டால் பதிவு சுத்தமாகும்.'

அட்மின் மதியத்துக்குள் நீக்கி, 'சுத்தப் பதிவு' என்று மறுபடி போட்டார்.

இடையில் டீச்சர் முதல்முறையாக ஒரு வரி எழுதினார். 'சங்கு அப்படியே இருக்குங்க.' அவ்வளவுதான்.

எனக்குக் கை சும்மா இருக்காது. 'டீச்சர், சங்கராபரணம் என்று முழுசாக எழுதினால் கை வலிக்குமா? இப்படி ராகத்துக்கே சங்கு ஊதிட்டீங்களே' என்று போட்டேன். இருபத்தோரு பேர் சிரித்தார்கள். எண்ணிப் பார்த்தேன், அப்படிப்பட்ட ஆள் நான். டீச்சர் அதற்குப் பிறகு எழுதவில்லை. நானும் கவனிக்கவில்லை, எனக்குப் புகழ் வந்துகொண்டிருந்தது.

குழுவில் ஒரு சர்வேயர் உண்டு. எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். அவர் கடிகாரம் வைத்து அளந்து, அந்தப் பஞ்சமம் முப்பத்தெட்டு வினாடி நிற்பதாக அறிவித்தார். அன்றிலிருந்து அதற்கு 'முப்பத்தெட்டு' என்றே பெயர். பூங்காவில் உட்கார்ந்து தானும் முப்பத்தெட்டு வினாடி மூச்சு விடாமல் இழுத்துப் பார்த்த சர்வேயருக்குப் பத்தொன்பதிலேயே தலை சுற்றியது. அதையும் லாக்கில் எழுதினார். மூன்று மாதம் கழித்து குழுவின் ஆண்டுக் கூட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நூலக அரங்கில் 'முப்பத்தெட்டு வினாடி: ஒரு கேள்வியனுபவம்' என்று பேசப் போவது நான். பொன்னாடை உண்டு.

அந்த வாரம் புதன்கிழமை, சாப்பாட்டை முடித்துவிட்டு ஒர்க்‌ஷாப் வாசலில் புங்கமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் இயர்போன் சொருகிக்கொண்டு பேச்சுக்குத் தயார் செய்தேன். பதினான்காவது நிமிடம் வந்தது. கண்ணை மூடினேன். குரல் கிளம்பியது, ஏறியது, நின்றது. யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் எங்கள் பிரிவுப் பையன்களில் ஒருவர், நாற்பத்தைந்து வயதுப் பையன். வாய் அசைந்தது. இயர்போனைப் பிடுங்கினேன்.

'சங்கு ஊதிட்டாங்க சார், வாங்க.'

பஞ்சமம் நிற்கவில்லை. கையில் இயர்போன் தொங்குகிறது, காதில் பஞ்சமம் அப்படியே இருக்கிறது. போனை நிறுத்தினேன். அப்போதும் இருக்கிறது. புங்கமரத்துக்கு மேலே, ஒர்க்‌ஷாப் கூரைக்கு மேலே, ஊர் முழுக்க நின்றுகொண்டிருக்கிறது. பிறகு வந்த வழியே இறங்கிக் கரைந்தது. மணி சரியாக இரண்டு.

எழுதியதை இப்போது படித்துப் பார்த்தால், ஷிப்ட் சங்கைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் எழுதிவிட முடியாது என்று தோன்றுகிறது. வழுக்கிக்கொண்டு ஏறும், அசையாமல் நிற்கும், மூச்சு விடாது, மனிதக் குரல் இல்லை. எல்லாம் சரி. பாடகர் பாவம், சங்கு முடியட்டும் என்று முப்பத்தெட்டு வினாடி சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். வேறு ஊர்க்காரன் யாராவது கேட்டிருந்தால் முதல் வினாடியே சொல்லியிருப்பான். இங்கே பத்து வருடம் இருந்தவன் காதில் சங்கு விழாது. எங்கள் குழுவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இருபது, முப்பது வருட சர்வீஸ்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். உருவுவதை நிறுத்தாமலே, 'இருபத்தாறு வருஷமா உங்கள அடிச்சு எழுப்பி ட்யூட்டிக்கு அனுப்புறது அந்தச் சங்குதான். அதுக்கா பொன்னாடை' என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், சாப்பாடு போடும்வரை சிரித்தாள்.

தப்பிக்க வழி தேடினேன். முதலில் குழுவிலிருந்து விலகினேன். நான்காவது நிமிடம் அட்மின் என்னைத் திரும்பச் சேர்த்து, 'கை தவறிப் பட்டுவிட்டது போல' என்று எழுதினார். அடுத்து, காதில் வலி, ஞாயிறு பேசுவது சந்தேகம் என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் சர்வேயர் மந்தாரக்குப்பம் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். வாங்கியதோடு நிற்காமல், என்னைச் சாய்த்துப் படுக்க வைத்து, இரண்டு காதிலும் அவரே விட்டார். டவுன்ஷிப்பில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. பால் வாங்கப் போனால் குழு, பஸ் ஏறினால் குழு. காலையில் நடப்பதை விட்டுவிட்டுச் சாயந்தரம் நடந்தேன். அங்கேயும் இரண்டு பேர், 'இந்த வாரம் முப்பத்தெட்டு உண்டுல்ல சார்' என்றார்கள்.

நேராகப் போய்ச் சொல்லிவிடுவது என்று வியாழக்கிழமை அட்மின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் கையில் இரண்டு பொன்னாடை. எனக்கு எந்த நிறம் எடுக்கும் என்று மருமகளைக் கேட்டார். அந்தப் பெண் பச்சை என்றது. நான் வாயைத் திறப்பதற்குள் உட்கார வைத்து, ஒரு வேலை கொடுத்தார். டீச்சரிடம் இன்னும் பதினொரு கேசட் இருக்கிறது. மூன்று தடவை கேட்டுவிட்டாராம். தேடிப் பார்க்கிறேன் என்கிறாராம், ஆனால் கொடுப்பதில்லையாம். அதிகம் பேசுகிறவர் இல்லை, என்ன மனத்தாங்கல் என்றும் தெரியவில்லை.

'உங்க எழுத்துன்னா அவங்களுக்குப் பிடிச்சிருக்கும் சார். அவங்க கேசட்டுக்கே உங்களாலதான் பேரு. நீங்க போனா குடுத்துருவாங்க.'

பச்சைப் பொன்னாடையைத் தோளில் வைத்துப் பார்க்கும்போது மறுக்கவும் முடியவில்லை. அப்போதுதான் டீச்சர் எழுதிய ஒற்றை வரி நினைவுக்கு வந்தது. சங்கு அப்படியே இருக்குங்க. அவர் ராகத்தைச் சுருக்கவில்லை. இருந்ததைச் சொல்லியிருக்கிறார். குழுவிலேயே கேட்டதை ஒழுங்காக எழுதிய ஒரே ஆள் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் நான் இருபத்தோரு பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் வடக்குத்துப் போனேன். வாசலில் வண்டியை நிறுத்தியபோதே, மன்னிப்பை எப்படிச் சிரிக்கச் சிரிக்கக் கேட்பது என்று இரண்டு மூன்று வரி தயாராக இருந்தது. டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ கொண்டுவந்து கொடுத்தார். கேசட் பெட்டி அலமாரியில் எதிரிலேயே இருந்தது. தேட வேண்டிய அவசியமே இல்லை. நான் அட்மின் அனுப்பியதாகச் சொன்னேன்.

'இருக்குங்க சார். குடுக்குறதுக்கு இல்ல' என்றார்.

நான் டீயைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கும் தைரியம் இல்லை. அவரே எழுந்து பழைய டேப்ரெக்கார்டரை எடுத்து, அட்மின் திருப்பிக் கொடுத்திருந்த அந்தக் கேசட்டைப் போட்டு, ஓட்டி நிறுத்தினார். ஒரே தடவையில் சரியான இடத்தில் வந்து நின்றது. எத்தனை தடவை ஓட்டியிருப்பார் என்று தெரிந்தது. சங்கு ஏறியது, நின்றது, இறங்கியது. அது முடிந்ததும் மைக்குக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் குரல், இளம் குரல், அவசரமாகச் சொன்னது: 'சங்கு ஊதிட்டாங்க, கெளம்புங்க.' ஓர் ஆண் குரல், அதைவிட மெதுவாக: 'இரு. முடியட்டும்.' அப்புறம் பாடகர் விட்ட இடத்தில் தொடங்கினார். டீச்சர் அந்த இடத்தைக் கூடவே வாய்க்குள் முணுமுணுத்தார். அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கிற ஆளாக இருந்தால் எனக்கு ஏன் இந்தக் கதி.

அவர் டேப்பை நிறுத்திவிட்டுச் சொன்னது இவ்வளவுதான். அன்றைக்குக் கணவருக்கு இரண்டாவது ஷிப்ட். கோயிலுக்கு டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் உட்கார்ந்தவர், சங்கு ஊதியும் எழுந்திருக்கவில்லை. சர்வீஸிலேயே அவர் தாமதமாகப் போனது அந்த ஒரு நாள்தான். அட்டையில் நடுவில் சங்கு என்று எழுதி வைத்ததும் அதற்காகத்தான்.

'போன்ல அவரு கொரலு இருக்குதுங்க. அது ஒடம்பு முடியாம இருக்கச்சொல்ல பேசுனது. இது இருவத்தெட்டு வயசுக் கொரலு. அதத்தான் குப்பைன்னு எடுத்துப்புட்டீங்க. மத்ததுலயும் எங்கனா பேசிக்கினு இருப்பாரு. சுத்தம் பண்ணிடுவீங்க.'

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கணக்கில் எந்த வரியில் தப்பு என்று காட்டுவதுபோலச் சொன்னார். பிறகு காலி டம்ளரை வாங்கிக்கொண்டே, 'சங்கு ஊதிட்டேன்னு எழுதுனீங்களே, அப்ப அவரு போயி நாலு மாசங்க' என்றார்.

தயாராக வைத்திருந்த வரிகளில் ஒன்றைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. தப்புதான் டீச்சர் என்றேன். வேறு யாரும் இல்லாத அறையில் சொன்ன மன்னிப்பு அது. சிரித்தது இருபத்தோரு பேர்.

வண்டியை எடுத்தேன். வீடு வந்து சேர்ந்தேன். மனைவி பார்த்துவிட்டு, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டாள்.

சனிக்கிழமை காலை அட்மினுக்குப் போன் செய்து, வெட்டுவதற்கு முன்னால் இருந்த பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். 'லாக்கை யாராவது அழிப்பாங்களா சார்' என்று அவர் மனம் புண்பட்டுப்போய், உடனே அனுப்பினார். எதற்கு என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் தெரியும் என்றேன். பதினொரு மணிக்கு அந்த முழுப் பதிவைக் குழுவில் போட்டேன். அதன் கீழே, வாழ்த்து மடல் எதையும் திறக்காமல், என் வாழ்க்கையின் முதல் சொந்த விமர்சனத்தை எழுதினேன்.

'நிமிடம் 14.02: ஷிப்ட் சங்கு. மதியம் இரண்டு மணி. 14.40: சங்கு ஓய்ந்தது. 14.44: மனைவி கணவரை ட்யூட்டிக்குக் கிளம்பச் சொல்கிறார். 14.46: கணவர், இரு, முடியட்டும் என்கிறார். இந்தப் பதிவில் இதைவிட நல்ல இடம் இல்லை. இதைக் குப்பை என்று வெட்டச் சொன்னவன் நான். டீச்சர் அன்றைக்குச் சங்கு என்று எழுதியது சங்கைத்தான். அவரை நான் கேலி செய்தேன், தப்பு. இனி எந்தக் கேசட்டிலும் யார் குரலையும் வெட்டக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அட்டையில் உள்ள சங் என்பதும் சங்குதான். அதைப் பார்த்துத்தான் சங்கராபரணம் என்று அடித்துவிட்டேன். ஆகவே இது சங்கராபரணம் இல்லை. என்ன ராகம் என்று எனக்குத் தெரியாது. எந்த ராகமும் எனக்குத் தெரியாது. பொன்னாடையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம், பில் இருந்தால்.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு நிமிர்த்தி வைத்தேன். நீல டிக் ஏறிக்கொண்டே போனது. பதினேழு பேர் பார்த்தார்கள், இருபது பேர் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அட்மின் எழுதுகிறார் என்று வந்தது, நின்றது. மறுபடி வந்தது, நின்றது. சர்வேயர் எழுதுகிறார் என்று வந்தது. அவர் எதையோ மறுபடி அளக்கப் போயிருக்க வேண்டும், அதுவும் நின்றது. முப்பத்தெட்டு வினாடி எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை.

மூன்று மாதமாகக் குழுவில் காணாத பெயர் ஒன்று மேலே வந்தது. டீச்சர் எழுதுகிறார். எழுதி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

'ராகம் சங்கராபரணந்தாங்க.'